கதை வேண்டாமுங்க அம்மணி

என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்கள். ஆன்மிக விசாரத்துக்கான குழு. நான் அங்கே கெட்ட வார்த்தை பேசவில்லை, கட்சி வீடியோ போடவில்லை, மருமகளைப் பற்றிப் புலம்பவில்லை. எனக்கு மருமகளே கிடையாது. ஒரு பையன் சாப்பிட்டானா என்று கேட்டேன். அங்கே அது குற்றம். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, தீர வேண்டும் என்ற ஆசையும் இல்லை. ஆகவே இதை நிதானமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். சிங்காநல்லூரில் வீடு. ஒரு பம்ப்செட் கம்பெனியில் புகார் போன் எடுக்கிற வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பல்லடத்திலிருந்தும் அன்னூரிலிருந்தும் தோட்டத்துக்காரர்கள் கூப்பிடுவார்கள். "ஏனுங்க, மோட்டார் ஓடுதுங்க, தண்ணி மேல வரமாட்டேங்குதுங்க" என்பார்கள். எப்போதிலிருந்து, எத்தனை அடி போர்வெல், மூன்று ஃபேஸிலும் கரண்ட் வருகிறதா, கடைசியாக யார் கழற்றிப் பார்த்தார்கள் என்று நான் கேட்பேன். சிலர் கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிவிட்டுக் கடைசியில் ஒரு 'ங்க' போட்டு முடிப்பார்கள். எங்கள் ஊரில் வசவுக்கும் மரியாதை உண்டு. ஆனாலும் அவர் சொல்வது எனக்குக் கேட்கிறது, நான் கேட்பதற்கு அவர் பதில் சொல்கிறார். பேச்சு என்றால் இதுதான் என்று நினைத்திருந்தேன். பயிர் காய்கிறது என்று கூப்பிடுகிறவரிடம் அந்தக் குழுக்காரர்கள் மாதிரி "காய்வதைக் கவனிப்பது யார்?" என்று நான் கேட்டால் அன்று சாயங்காலமே என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

வீட்டுக்காரர் இறந்த பிறகுதான் அந்தக் குழுவில் சேர்ந்தேன். நெஞ்சு வலியை வாயுத் தொல்லை என்று தானே முடிவு செய்து, எனக்குச் சொல்லாமல் ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தவர், ஒரு நாள் திரும்பி வரவில்லை. மகள் வெளிநாட்டிலிருந்து வந்து காரியம் முடிந்ததும் போய்விட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் சட்டைகளைத் துவைத்து மடிக்கும்போது, ஏனுங்க எங்கிட்டச் சொல்லலை என்று சட்டையிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போய்ப் பார்த்தேன், அங்கே பேசுவதற்கு யாரும் இல்லை. மாடி வீட்டு அம்மாதான், "நல்ல விசயமாப் பேசறாங்க, மனசுக்கு இதமா இருக்குமுங்க" என்று என் நம்பரை அவர்களுக்குக் கொடுத்தார்.

காலையில் போனைத் திறந்தால் தாமரைப் பூக்கள் வரிசையாக இருக்கும். அப்புறம் கைகூப்பிய பொம்மைகள். அப்புறம் "அருமைங்க", "உள்ள எறங்கிருச்சுங்க", "பேச்சே இல்லைங்க". பேச்சே இல்லை என்று எழுதியவரே அதற்குக் கீழே ஒரு முழப் பேச்சு எழுதியிருப்பார். யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை. ஒருவர் தன் பூவை வைத்துவிட்டுப் போக, அடுத்தவர் தன் பூவை வைப்பார். சமாதிக்கு மாலை போடுகிற வரிசை மாதிரி இருக்கும்.

நடுநாயகமாக ஒரு நிர்வாகி. தொழில் நடத்தி ஓய்வு பெற்றவர், வசதியானவர், நல்ல தமிழ் பேசுவார். நீளமாக வாய்ஸ் மெசேஜ் போடுவார். பெண்கள் எல்லாரும் அவருக்கு அம்மணிதான். எனக்கு ஐம்பத்தைந்து வயது. என்னை அம்மணி என்று கூப்பிட என் அப்பாவுக்குப் பிறகு யாருக்கும் நான் உரிமை கொடுக்கவில்லை. அதைச் சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் குழுவின் முதல் விதி, கதை கூடாது.

கதை என்றால் அவர்கள் அகராதியில் வேறு பொருள். உங்களுக்கு என்ன நடந்தது, யாரால் நடந்தது, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எங்கே வலிக்கிறது, இதெல்லாம் கதை. அது மனதின் குப்பை. வியாழக்கிழமைதோறும் ஒருவருக்குக் கேள்வி கேட்கும் முறை வரும். கேள்வியைப் பொதுவாகக் கேட்க வேண்டும். தெரியாமல் கதையோடு கேட்டுவிட்டால் நிர்வாகி அந்த மெசேஜை அழித்துவிட்டு, குப்பையைக் கழித்த கேள்வியைத் தானே எழுதிப் போடுவார். முருங்கைக் கீரை ஆய்வது போல அதை ஒரு தொண்டாகச் செய்து வந்தார். என்ன, இலையைக் கீழே போட்டுவிட்டுக் காம்பைக் குழம்பில் போடுகிற தொண்டு.

என் முறை வந்தபோது நடந்ததை நடந்தபடி எழுதினேன். வீட்டுக்காரர் வலியை மறைத்தார், போய்விட்டார், எனக்கு அவர்மேல் கோபமாக வருகிறது, செத்தவர்மேல் கோபப்படலாமா என்று கேட்டேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் என் மெசேஜ் இல்லை. அந்த இடத்தில் "கோபத்தைக் கடப்பது எப்படி?" என்று இருந்தது. சாயங்காலத்துக்குள் அதற்கு ஏகப்பட்ட பதில்கள். கோபம் ஓர் அலை, கோபம் ஒரு மேகம், கோபம் ஒரு விருந்தாளி என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இறந்தவர் யார், எப்படி இறந்தார் என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை.

ஒரே ஒருவர் கேட்டார். குழுவில் இல்லை, தனியாக. மேட்டுப்பாளையத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவர். "அக்கா, அழிக்கறதுக்கு முன்னால படிச்சுட்டேனுங்க. மாமாவுக்கு வலிக்குதுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதுங்களா?" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்குத்தான் எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது. அதன் பிறகு நாங்கள் போனில் பேசிக்கொண்டோம். அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வடக்கே போனால் திரும்பப் பல நாள் ஆகும். ஒரே பையன், காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை அவர் வீட்டுக்கும் போயிருக்கிறேன். பாக்கு காயப்போடும் களத்துக்கு எதிரே, மஞ்சள் கேட் போட்ட சின்ன வீடு. அன்றைக்குப் பையன் காலேஜ் போயிருந்ததால் அவனைப் பார்க்கவில்லை.

மாதம் ஒரு ஞாயிறு நேரிலும் கூடுவார்கள். அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இவர்கள் எல்லாம் உண்மையிலேயே கதையைத் துறந்தவர்கள் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். டிபன் வரிசையில் நின்றால் காது நிறையும். ஒருவருடைய சர்க்கரை அளவு, இன்னொருவருடைய சம்பந்தியின் திமிர், அவினாசி ரோட்டில் ஏறிக்கொண்டே போகும் நில விலை, எல்லாம் கதைதான். நல்ல சுவையான கதைகள். இலையை எடுத்துப் போட்டுவிட்டுக் கையைக் கழுவி ஹாலுக்குள் நுழைந்ததும் ஒருவருக்கும் சம்பந்தி கிடையாது, சர்க்கரை கிடையாது. தங்கள் கதைக்கு டிபன் வரிசையில் இடம் இருந்ததால் அடுத்தவர் கதையை ஹாலில் சுலபமாகத் துறந்தார்கள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். இவர்களுக்கும் தங்களுக்கு வந்தபோது தெரிந்திருந்தது, அடுத்தவர் சொன்னபோதுதான் தெரியவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு வியாழக்கிழமைதான் மேட்டுப்பாளையத்துக்காரரின் முறை வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம், கேன்டீனில் இருந்தேன். போன் அதிர்ந்ததும் எடுத்துப் பார்த்தேன். அவர் எழுதியிருந்தார்: "எம் பையன் பரீட்சையில பெயிலானதுல இருந்து ரூமை விட்டு வரமாட்டேங்கறானுங்க. மாசக்கணக்கா ஆச்சு. கதவு முன்னால சோறு வெச்சுட்டு வந்தா நான் இல்லாதப்ப எடுத்துக்குவான். நேத்துல இருந்து வெச்ச தட்டு வெச்ச எடத்துலயே இருக்குது. தட்டித் தட்டிப் பாக்கறேன், சத்தமே இல்லைங்க. இவரு ஊர்ல இல்லை. எனக்குப் பயமா இருக்குது. என்ன பண்ணட்டுமுங்க?"

படித்து முடித்து அவருக்குப் போன் போட எழுந்தேன். அதற்குள் அந்த மெசேஜ் மறைந்துவிட்டது. அந்த இடத்தில் நிர்வாகியின் கேள்வி வந்து உட்கார்ந்திருந்தது: "பற்றை விடுவது எப்படி?"

அவருக்குப் போன் அடித்தால் லைன் பிஸி, மறுபடியும் பிஸி. இதற்குள் பதில்கள் கொட்ட ஆரம்பித்துவிட்டன. பற்று ஒரு கயிறு. பற்று ஒரு நிழல். பிள்ளைகள் நம் வழியாக வருகிறார்கள், நம்முடையவர்கள் அல்ல. இதை எழுதிய மனிதர் தன் மகனுக்குச் சொந்தத்திலேயே பெண் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவர். டிபன் வரிசையில் நானே கேட்டிருக்கிறேன்.

நான் குழுவில் எழுதினேன். "அந்தம்மாவோட பையன் நேத்துல இருந்து சாப்பிடலை. கதவு திறக்கலை. மேட்டுப்பாளையத்துல யாராச்சும் பக்கத்துல இருந்தா உடனே போய்ப் பாருங்க. பையன் சாப்பிட்டானான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

ஓர் அம்மா, "கருணையும் நுட்பமான பற்றுதானுங்க" என்று எழுதித் தாமரை வைத்தார். இன்னொருவர், "சோறு உடம்புக்குத்தானுங்க, ஆத்மாவுக்குப் பசி ஏதுங்க" என்றார். போன கூட்டத்தில் சட்னி தீர்ந்துவிட்டது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர் அவர். அப்புறம் நிர்வாகி வந்தார். "உங்க அக்கறை புரியுதுங்க அம்மணி. ஆனா கதை வேண்டாமுங்க. கேக்கறவங்களை அவங்க கேள்வியோட விடுங்க."

அது அவங்க கேள்வி இல்லை, நீங்க எழுதுன கேள்வி என்று நான் திருப்பி எழுதினேன். பையனுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பெரியவர்களிடம் இப்படிப் பேசலாமா என்று மாடி வீட்டு அம்மா ஓர் அழுகைப் பொம்மையோடு எழுதினார். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே என்னை நீக்கிவிட்டார்கள். "வாழ்க வளமுடன்" போல ஏதாவது சொல்லியிருப்பார்கள், நான் பார்க்கவில்லை.

மேட்டுப்பாளையத்துக்காரரின் போன் அதற்குள் அணைந்துவிட்டது. அதற்கும் ஒரு விதி உண்டு. கேள்வி கேட்டவர் பதில்களைக் கேட்டு முடித்ததும் இரண்டு நாள் போனை அணைத்து வைத்து, யாரோடும் பேசாமல், கேட்டதை உள்ளே இறங்க விட வேண்டும். உயிர் போகிற அவசரத்தில் ஒரு பெண் கேட்டிருக்கிறாள், அவள் கையில் இருந்த ஒரே போனையும் அணைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருடமாகப் பூ வைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரில் அவர் வீடு எங்கே என்று என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. முகவரியும் கதைதானே.

ராத்திரி வரை அடித்துப் பார்த்தும் போன் திறக்காததால், மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்த நிர்வாகியை மனதுக்குள் வைது கொண்டே போனேன். 'ங்க' இல்லாமல் வைதேன். பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று ஆள் ஏற்றியது, காரமடையில் பாதிப் பஸ் இறங்கியது, எனக்குக் காலைத் தரையில் உதைத்துப் பஸ்ஸைத் தள்ள வேண்டும் போல இருந்தது.

மஞ்சள் கேட் திறந்திருந்தது. அவர் முன் அறையில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்கக்கா. ஒரு போன் போட்டிருக்கலாமில்லீங்க" என்றவர், போனை அணைத்து வைத்திருப்பது தானே என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு, பேசக்கூடாது என்பதும் நினைவுக்கு வந்தது போலிருக்கிறது, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பையன் சாப்பிட்டானா?" என்றேன்.

"அதை விட்டுப்போட்டேனுங்க அக்கா."

"எதை?"

"தட்டறதைத்தானுங்க. நிர்வாகி ஐயா எனக்குன்னே வாய்ஸ் அனுப்பிச்சாருங்க. நான் எழுதினதை முழுசாப் படிச்சிருக்காரு. தட்டாதீங்க அம்மணி, தட்டற கைதான் பற்று, கையை எடுங்க, எல்லாம் தானா நடக்கும்னு சொன்னாருங்க. நேத்து மத்தியானத்துல இருந்து நான் அந்தக் கதவுப் பக்கமே போகலை. சோறும் வெக்கலை. மொதல்ல நெஞ்சு படபடன்னு அடிச்சுதுங்க. அப்புறம் பழகிருச்சு."

பழகிருச்சு என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. வீட்டுப்பாடத்தைத் தப்பில்லாமல் முடித்துவிட்ட குழந்தையின் முகம். என் வீட்டுக்காரருக்கு வலித்தது எனக்குத் தெரியாதா என்று கேட்ட ஒரே மனுஷி இவர். இவரை இப்படி ஆக்கி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. படித்திருக்கிறார், அந்த மனிதர். கதை என்று அழித்தாரே, அதை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் அழித்திருக்கிறார். தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

"உள்ள உங்க பையன் உசுரோட இருக்கானான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கத்தினேன். மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. அக்கம்பக்கம் கேட்கட்டும் என்றே கத்தினேன்.

அவர் என்னை விழித்துப் பார்த்தார். ஒரு நொடிதான். அப்புறம் அந்த முகம் கலைந்தது, பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே ஓடினேன். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. ஜன்னல் பின்பக்கச் சந்துக்குள், அதற்கும் அட்டை அடைத்திருந்தது. உள்ளங்கை எரியத் தட்டினேன், "கண்ணு, கண்ணு" என்று கூப்பிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. வாசலுக்கு ஓடிவந்து, களத்தில் பாக்கு கிளறிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "ஏனுங்க, கொஞ்சம் வாங்க, கதவை ஒடைக்கோணும்" என்றேன். என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே இருவர் வந்தார்கள். ஒருவர் திரும்பிப் போய்க் கடப்பாரை எடுத்து வந்தார். அவர்கள் கேட்ட கேள்விகள் சாதாரணமானவை. யாரு உள்ள, எப்ப இருந்து, கேஸ் சிலிண்டர் ஏதாச்சும் உள்ள இருக்குதா. அந்தக் குழுவில் இத்தனை நாளாக ஒருவர் வாயிலும் வராத கேள்விகள்.

கடப்பாரையைக் கதவிடுக்கில் வைக்கப் போகும்போது பையனின் அம்மா எழுந்து வந்தார். "இருங்க" என்று சொல்லி அவர்களை விலக்கிவிட்டுத் தானே தட்டினார். பலமாக இல்லை. விரல் முட்டியால், பக்கத்து வீட்டில் தட்டுவது போல மெதுவாக, விட்டுவிட்டுத் தட்டினார். அவர் பையனின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

கடப்பாரைக்காரர் பொறுமை இழந்து என்னைப் பார்த்தார். அப்போது உள்ளே ஏதோ உரசியது. தாழ்ப்பாள் தடுமாறித் தடுமாறி விலகியது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேறு. டாக்டர், மருந்து, மாமன்காரர் வந்து கூடத் தங்கியது, அவன் அப்பா பாதி வழியில் லாரியை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தது, எல்லாம் நடந்தது, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதை அவர்கள் சொல்ல வேண்டும், நான் சொல்லக்கூடாது. கதவு திறந்ததும் நான் நின்ற இடத்திலிருந்து என் காதில் விழுந்ததை மட்டும் சொல்கிறேன்.

தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. எங்களை யார் என்றுகூடப் பார்க்கவில்லை. அம்மாவை மட்டும் பார்த்தான்.

"நேத்து ராத்திரி ஏம்மா தட்டல?" என்றான்.

அவர் அவன் தோளைத் தாங்கிப் பிடித்தார்.

"நான் பேசாட்டியும் தெனமும் தட்டிட்டேதான இருப்ப. நேத்து ராத்திரி தட்டல. சோறும் வெக்கல. சரி, நீயும் என்னை விட்டுட்டேன்னு நெனச்சேன்."

"தட்டக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு கண்ணு."

"யாரு?"

"குரூப்புல ஒருத்தரு. பெரியவரு."

அவன் குரலில் கோபம்கூட இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான். "அவருக்கு என்னைத் தெரியுமா?"

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உம் பேருகூடத் தெரியாது சாமி" என்றார்.